மலை மறித்த மழையும் மலை கடந்த நீரும்: பண்ணைப்புரத்தின் தட்பவெப்ப வரலாறு

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊராகவே பலரும் இதை அறிவர். ஓர் ஊரின் வெப்பம், மழை, காற்று ஆகியவற்றை வகுக்கும் புவியியல் காரணிகளைப் பயில்வோருக்கும் இது அரிய களம். இவ்வூரின் தட்பவெப்பத்துக்கு மலை அடித்தளம் இட்டது; 1895-க்குப் பின் மலை கடந்து வந்த நீர், பள்ளத்தாக்கில் நிலத்தை ஒட்டிய வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றியது. இதை நிறுவுவதே கட்டுரையின் நோக்கம்.

அட்சமும் உயரமும்

பண்ணைப்புரம் ஏறக்குறைய வட அட்சம் 10 பாகையை ஒட்டி உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை சூரியன் இங்கே உச்சிக்கு வருகிறது. முதல் முறை வானம் தெளிந்திருப்பதால் சித்திரை வெயில் சுடுகிறது. இரண்டாம் முறை பருவக்காற்றும் மேகமும் வெம்மையைத் தணித்துவிடுகின்றன.

இவ்வூர் அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கின் தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், உயரத்தால் கிடைக்கும் தணிவு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை பாகைதான். அரபிக்கடல் நேர்க்கோட்டில் சுமார் 100 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. ஆயினும் இடையில் மலை நிற்பதால், கடற்காற்றின் குளிர்ச்சி பகல் வெயிலைத் தணிக்க வருவதில்லை.

மலைச்சுவரும் காற்றும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. இடுக்கி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 3,000 மி.மீ.யைத் தாண்டும். தேனி மாவட்டத்துக்குக் கிடைப்பது 800 மி.மீ. அளவே.

மழையைக் கொட்டிவிட்ட காற்று கிழக்கே இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறுகிறது. 100 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை. கோம்பைக்கு மேலே நிற்கும் ராமக்கல்மேடு 1,000 மீட்டருக்கும் உயர்ந்தது. அங்கே ஈரம் நிறைந்து 20 பாகையில் இருக்கும் காற்று 600 மீட்டர் இறங்கினால் 26 பாகையாகும். அதன் ஒப்பு ஈரப்பதம் முக்கால் பங்காகிவிடும். முகட்டில் மேகம் கவிந்து கிடக்க, அடிவாரத்தில் சாரலோடு மழை நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

மலையின் தாழ்ந்த இடைவெளிகளில் காற்று நெருக்குண்டு வேகம் பெறுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் தமிழகக் காற்றாலைகளின் முக்கியக் களமானது இவ்வாறுதான். அதே காற்று மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிச் செல்கிறது.

எனவே இப்பகுதி பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையையும் கோடை இடிமழையையும்தான். வங்கக்கடல் ஈரத்திலும் ஒரு பகுதியைக் கிழக்கே நிற்கும் வருசநாடு, மேகமலைத் தொடர் தடுத்துக்கொள்கிறது. மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று கீழே வழிந்து தங்குவதால், விடியற்காலைக் குளிர் கூடுகிறது.

நீர் மலை கடந்த வரலாறு

மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் அரசில் எழுந்தது. 1876-78இன் தாது வருடப் பஞ்சம் அதன் அவசரத்தை உணர்த்தியது. 1886-இல் திருவிதாங்கூரோடு ஆங்கிலேய அரசு 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய பெரியாற்று அணைப்பணி 1895-இல் நிறைவேறியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. இன்று இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரை நம்பியுள்ளது.

இது வேளாண் மாற்றத்தோடு நிற்கவில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகும் வயலில், ஒவ்வொரு சதுர மீட்டரும் 12 மெகாஜூல் வெப்பத்தை இவ்வாறு செலவிடுகிறது. தரிசு நிலத்தில் அவ்வெப்பம் மண்ணையும் அதன்மேல் உள்ள காற்றையும் சூடாக்கியிருக்கும். பருவக்காற்றிலிருந்து மலை பறித்த ஈரத்தின் ஒரு பகுதி, வயல்களின் வழியே பள்ளத்தாக்கின் காற்றுக்குத் திரும்பியது.

ஒரே பள்ளத்தாக்கு, இரு நிலங்கள்

இப்பயன் எங்கும் சமமாகக் கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கில் பாயும் முல்லையாற்றை ஒட்டிய கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகள் நஞ்சையாகச் செழித்தன. ஆற்றைவிட்டு விலகி மேட்டில் இருக்கும் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் ஊர்கள் மானாவாரியையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பின. பெரியாற்று நீரை மேற்குக் கரை மேட்டுக்குக் கொண்டுவந்து கண்மாய்களை நிரப்பும் 18-ஆம் கால்வாய் பிற்காலத்தில் வந்ததே. ஒரே வானத்தின்கீழ், சில கி.மீ. இடைவெளியில், மண்ணின் ஈரம் வேறுபட்டால் பகல் வெப்பமும் வேறுபடும்.

முடிவுரை

அட்சத்தையும் மலையின் திசையையும் நம்மால் மாற்ற முடியாது. நிலத்தின் ஈரத்தையும் பசுமையையும் காக்க முடியும் என்பதற்கு 1895-க்குப் பிந்தைய வரலாறே சான்று. ஆகவே கண்மாய்களைத் தூர்வாருவதையும், 18-ஆம் கால்வாயில் உரிய காலத்தில் நீர் திறப்பதையும், சரிவுகளின் காட்டைக் காப்பதையும் பாசனப் பணிகளாக மட்டும் கருதக் கூடாது. மழைமறைவு நிலத்தில் வாழும் ஊர்களை வெப்பத்திலிருந்து காக்கும் பணிகள் அவை. திட்டமிடுவோர் அவற்றுக்கு அந்த இடத்தைத் தர வேண்டும்.