உத்தரமேரூர்ச் சாசனங்களில் கணக்கும் பொறுப்பும்

உத்தரமேரூர் என்னும் பெயரைக் கேட்ட அளவில் நம் மேடைகளில் தவறாது எழும் சொல் 'குடவோலை' என்பதாகும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் தேர்தல் நடத்தினர் என்று கூறிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் அரியர். பள்ளிப் பாடநூல்களும் அவ்வாறே கற்பிக்கின்றன. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், அவ்வூர்ச் சாசனங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுமையுடன் படிப்பார்க்கு வேறொரு செய்தியே முன்னிற்கும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காட்டிலும், யாரை உள்ளே விடலாகாது என்பதிலேயே அச்சபையோர் மிகுந்த கவலை கொண்டிருந்தனர். அக்கவலையின் நடுவில் இருப்பது கணக்கு. ஊர்ப்பணத்தைக் கையாண்டவன் அதற்குக் கணக்குக் காட்டினானா என்னும் வினாவே அச்சாசனங்களின் உயிர்நாடி என்பது என் கருத்து.

செய்திகளைச் சுருங்கக் காண்போம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகசோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டினது (கி.பி. 919), மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டினது (கி.பி. 921). முன்னதில் தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அரச அலுவலர் உடனிருக்கச் சபை கூடி முடிவு செய்கிறது. பின்னதில் சோமாசிப்பெருமாள் என்பார் உடனிருக்கிறார். இவற்றை வெளியுலகுக்கு விளக்கியவர் கல்வெட்டறிஞர் வெங்கையா. பின்னர் நீலகண்ட சாத்திரியாரும் கே.வி. சுப்பிரமணிய ஐயரும் விரிவாக ஆராய்ந்தனர்.

இரண்டே ஆண்டுகளில் விதியை ஏன் மாற்ற வேண்டும்? பின்னைய சாசனம், தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கும் பொருட்டு இவ்வேற்பாடு என்று தானே காரணம் கூறுகிறது. முதல் விதி போதவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முதற் சாசனத்தில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாறுகிறது. ஓலை எடுக்கும் முறை அணு அணுவாக விளக்கம் பெறுகிறது. தாம் செய்த ஏற்பாடு பழுதுபட்டதை உணர்ந்து, அதனை மறைக்காமல் கல்லிலேயே திருத்தி வைத்த சபை அது. முன்னதை அழித்துவிடவும் இல்லை. இரண்டும் அருகருகே நின்று, எங்கே பிழைத்தது என்பதை இன்றும் நமக்குக் காட்டுகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் அனைவரின் பெயரையும் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி, செயல்திறன், நேரிய வழியில் ஈட்டிய பொருள் ஆகியன தகுதிகள். கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவன் மீண்டும் புகலாகாது. இவ்வாறு எடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அறுவர் அறுவராகத் தனியே ஓலை எடுப்பர். ஆண்டு முழுவதற்கும் பொறுப்பேற்கும் சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகியோரையே கொள்ள வேண்டும் என்பது நோக்கத்தக்கது. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் காணப்பட்டவனை அப்போதே நீக்கிவிடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது வாக்களிப்பு அன்று. சீட்டுக் குலுக்கலே ஆகும். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை நீக்கி ஓலைகளை வெளியே எடுக்கும் அலுவலரை உவமையாக்கியுள்ளார். வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தது, ஆளை ஆராய்ந்து தேறும் அரசனை முன்னிறுத்தி. உத்தரமேரூர்ச் சபையோர் எதிர்கொண்ட சிக்கலோ வேறு. ஒருவரையொருவர் நன்கறிந்த, ஒருவரோடொருவர் உறவு கலந்த ஓரூரில், ஆராய்ச்சி என்பதே சார்புக்கு வழியாகிவிடும். ஆகவே தகுதியை விதியால் வரையறுத்தனர். ஆளைத் தெரிவதைக் குடத்துக்கு விட்டனர்.

அக்குடத்தையும் அவர்கள் எளிதில் நம்பிவிடவில்லை. சிறியோர் பெரியோர் அடங்கச் சபை நிறையக் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் உள்ள நம்பிமார் ஒருவரும் ஒழியாது வந்து அமர வேண்டும். அவருள் முதியவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓரோலை எடுப்பான். அவ்வோலையை வாங்கும் மத்தியத்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோலை மறைந்திருக்கலாம் என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது! பின் அவன் படிப்பான்; நம்பிமார் யாவரும் அதையே திரும்பப் படிப்பர். எந்த நிலையில் கை நீளக்கூடுமோ அந்த நிலைக்கெல்லாம் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள்.

இனித் தகுதியின்மைக்கு வருவோம். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனுக்குக் குடத்தில் இடமில்லை. அவனுக்கு மட்டுமன்று, அவன் சுற்றத்தார்க்கும் இல்லை. அச்சுற்றத்தைச் சாசனம் பெயர் சொல்லியே அடுக்குகிறது. சிற்றவ்வை, பேரவ்வை மக்கள்; அத்தை, மாமன் மக்கள்; தாயோடு பிறந்தவன், தந்தையோடு பிறந்தவன், உடன்பிறந்தவன்; பெண் கொடுத்த மாமன்; மனைவியோடு பிறந்தவன்; உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள்; மருமகன், தந்தை, மகன். தமிழ் உறவுமுறைச் சொற்களை ஆராய்வார்க்கு இப்பகுதி ஒரு புதையல். சிற்றவ்வை, பேரவ்வை என்னும் அழகிய சொற்களை நாம் வழக்கில் இழந்துவிட்டோம். ஆனால் அவை இங்கே பதிவானது அன்பு காரணமாக அன்று. கணக்குக் காட்டாதவன் தன் மைத்துனனை முன்னிறுத்திப் பின்னின்று ஆள்வான் என்பதை அவ்வூரார் பட்டறிந்திருந்தனர். ஐம்பெரும் பாதகம் செய்தோர், பிறர் பொருள் கவர்ந்தோர், ஊருக்கு முள்ளாய் இருப்போர் முதலியோரும் விலக்கப்படுகின்றனர். ஆயினும் கணக்குக் காட்டாமை அப்பாதகங்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டதே சிறப்பு.

கணக்கெழுதுவோனுக்கு விதித்த விதி இதனினும் கூரியது. ஒருவன் தன் காலத்துக் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்கள் முன் காட்டி, 'சுத்தன்' எனக் காணப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியில் புக முடியும். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் இடைபுகுந்து முடித்துத் தரலாகாது. சடங்குத் தூய்மையைக் குறிக்கும் ஒரு சொல்லை, வரவு செலவு சரிபார்க்கப்பட்டவனுக்கு ஆண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன். மாற்றலாகிச் சென்றவரின் கோப்பை வந்தவர் விளக்குவதும், வந்தவரும் மாற்றலாகிவிட்டதாக விடை வருவதும் அலுவலக உலகில் நாம் அறியாதனவா?

பராந்தகன் காலத்து இவ்வூர்ச் சாசனம் மற்றொன்று பொன் சோதிப்போரைப் பற்றியது. உரைகல்லில் உரைத்த பொன்னின் துகள் மெழுகில் ஒட்டும். அம்மெழுகை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. ஒரு முறைக்கு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியாத அளவே. ஓராண்டில் அது எவ்வளவாகும் என்று கணக்கிட்டவர்கள் அவர்கள்.

இவ்விழிப்பு ஓரூரின் தனிவழக்கன்று. திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரின் பாண்டியர் காலச் சாசனம், சபையில் எடுத்ததற்கெல்லாம் மறுப்புக் கூறி முட்டுக்கட்டையிடுவோருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தர் திருவல்லம் கோயிலுக்குச் சென்று ஆயிரங்குட நீராட்டுச் செய்வித்தார். அங்கே இறைவனுக்குரிய அமுது இருநாழி அரிசியாகக் குறைந்திருப்பதையும், நந்தாவிளக்குகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் கண்டார். உடனே கோயிற் சிவப்பிராமணரையும் ஊர்ச் சபையோரையும் அழைத்து, ஓலைப்படியும் கணக்குப்படியும் வரவென்ன, செலவென்ன என்று வினவினார். நீராட்ட வந்தவர் தணிக்கையாளராகிவிட்டார்.

இழப்பை முன்னரே எண்ணிக் காத்த திறத்துக்குத் தஞ்சைப் பெருங்கோயிலின் விளக்குக் கொடைகளைக் காட்டலாம். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு நோயில் சாகும், முதுமையில் மடி வற்றும். அறமோ சந்திராதித்தர் உள்ளளவும் நிற்க வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்க்கக் கண்ட சொல்லே கல்வெட்டுகளில் வழங்கும் 'சாவா மூவாப் பேராடு' என்பது. ஈனும் குட்டிகள் இடையனுக்கு ஆகும். குறையும் எண்ணிக்கையை நிரப்புவதும் அவன் பொறுப்பே. இடையன் பெயரோடு அவன் உறவினர் பெயர்களையும் தஞ்சைச் சாசனங்கள் பொறுப்பாளிகளாகப் பொறித்துள்ளன. பண்டாரத்தைக் காக்க அனுப்பப்படுவோர் நிலமோ சுற்றமோ முதலோ உடையவராய் இருக்க வேண்டும் என்பதும் இராசராசன் ஆணை. பொருள் குறைந்தால் மீட்க வழியிருக்க வேண்டுமல்லவா? இந்த இடத்தில் உத்தரமேரூர் விதி சற்றுக் குறையுடையதே. கணக்குக் காட்டாதவனை அது விலக்குகிறது. அவன் உண்ட பொருளை மீட்பது எவ்வாறு என்பதைக் கூறவில்லை.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கணக்கு எவர் முன் காட்டப்பட்டது? சபையோர் முன். சபையோர் யார்? நிலமுடைய, வேதம் ஓதிய, பிரமதேயத்து ஆடவர். அந்நிலத்தை உழுதவர், ஏரியில் மண் சுமந்தவர், இறை நெல்லை விளைவித்தவர் எவர்க்கும் அவ்வவையில் கேட்கும் உரிமை இல்லை. பெண்ணின் பெயர் எழுதிய ஓலை ஒன்றும் அக்குடத்துள் விழுந்திருக்க இயலாது. இக்கட்டுரையாளரின் பெயரும் அதில் அடங்கும். மேடையில் பெருமை பேசுவோர் இதனைக் கூறாது விடுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகாது. தம்முள் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்க உடையோர் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் அதன் நுட்பம் உடையோர்க்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டுவதில்லை.

அவையை அகலமாக்கும் பணியை நம் காலத்துச் சட்டங்கள் செய்தன. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்களைத் தந்தது. ஊராட்சிக் கணக்குகளின் தணிக்கைக்கு 243-ஞ பிரிவில் இடம் வகுத்தது. தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையை நிலைநாட்டியது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை செய்தவரே கணக்கைக் கேட்கும் சமூகத் தணிக்கையைத் தன் 17ஆம் பிரிவில் கொண்டிருந்தது. மண் சுமந்தவர்க்குக் கணக்குக் காட்டும் நிலை எழுத்தளவிலேனும் அப்போதுதான் பிறந்தது. 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது.

ஆனால் அதே 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றபோது அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மாநிலத்தின் பெரும்பகுதி ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரையிலும், உத்தரமேரூர்ப் பேரூராட்சி 2022 பிப்ரவரி வரையிலும் காத்திருந்தன. 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் உத்தரமேரூர்க் கல்வெட்டின் பெருமை பேசப்பட்டது. அன்று உத்தரமேரூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமற்போய் நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. கல்வெட்டு விதித்த பதவிக்காலம் 360 நாள்.