பத்து மாதக் கணக்கு

சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் கோச்செங்கட்சோழரின் பிறப்புக் கதை வருகிறது. பிள்ளை வரம் கேட்டுத் தில்லையில் வழிபட்ட சுபதேவன், கமலவதி தம்பதிக்குப் பிறந்தவர் அவர். இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் என்றார்கள் சோதிடர்கள். ராணி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். பிள்ளை கண் சிவந்து பிறந்தது. தாய் இறந்துபோனாள்.

இது புராணம்தான். ஆனால் பிறக்கும் நேரத்தை நாழிகைக் கணக்கில், அதாவது 24 நிமிடக் கணக்கில் பார்த்தவர்களுக்கும் கரு உண்டான நாள் தெரியாது. இன்றும் அது பெரும்பாலும் ஊகம்தான்.

அதனால்தான் கடலூரோ சிதம்பரமோ, எந்த ஆஸ்பத்திரியிலும் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்கிறார்கள். கணக்கு தொடங்க வேண்டியது மாதவிலக்கின் முதல் நாளில். தலைக்குக் குளிப்பதோ அதற்குச் சில நாள் கழித்து. பிசகு இங்கேயே ஆரம்பம்.

முதல் நாளோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் கழித்தால் அடுத்த வருடத்தில் பிரசவத் தேதி வரும். இது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் நேகலே பெயரால் வழங்கும் விதி. மொத்தம் சுமார் 280 நாள். 28 நாள் மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம்! ஆனால் கரு உண்டாவது சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு அதுவும் மாறும். கரு முட்டை வெளிவந்த நாளையே கண்டறிந்து எண்ணிய 2013 அமெரிக்க ஆய்வில்கூட, குறைப்பிரசவங்களை நீக்கிய பிறகும் கர்ப்ப காலம் ஆளுக்கு ஆள் 37 நாள் வரை வேறுபட்டது.

இந்த 280 சட்டத்திலும் இருக்கிறது. கணவன் இறந்து 280 நாளுக்குள், மறுமணம் செய்யாத மனைவிக்குப் பிறக்கும் குழந்தை அவன் குழந்தையே என்றது 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. 2024 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே எண்தான். 281-ஆம் நாள் பிறந்தால் உரிமை தானாகப் போய்விடாது. ஆனால் சட்டம் தரும் அந்த அனுமானம் கிடைக்காது. ஒரு நாளில் பிள்ளையின் பெயரும் சொத்தும் விவாதத்துக்கு வந்துவிடும்.

1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் வெளியிட்ட ஸ்கேன் முறை பிற்பாடு இந்தக் குழப்பத்தைக் குறைத்தது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் ஏறக்குறைய ஒரு வாரம்தான் முன்பின் ஆகும். கடைசி மாதங்களில் மூன்று வாரம்கூடத் தவறலாம். 34 வாரமா 37 வாரமா என்று தெரியாமல் பிரசவத்தை முன்கூட்டியே வரவழைத்தால், நுரையீரல் முதிராத குழந்தை பிறக்கக்கூடும். காலண்டரில் அன்றே போட்டுவைத்த ஒரு சுழி அதைத் தடுக்கலாம்.