அலரி நஞ்சும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

ஈழத்து வேலியோரங்களிற் பூத்து நிற்கும் மஞ்சள் அலரி, இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையது. 1980களில் யாழ்ப்பாணத்தில் இந்நஞ்சுக்கு இலக்கானோர் பெருகினர். அவர்களுள் 170 பேரின் நிலையை ஆராய்ந்து, பேராசிரியர் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 1988 இல் 'போரென்சிக் சயன்ஸ் இன்ரநாஷனல்' என்னும் ஏட்டிற் கட்டுரை வெளியிட்டனர். நான்கே பக்கங் கொண்ட அக்கட்டுரையைப் பின்வந்த ஆய்வாளர் பலரும் எடுத்தாண்டனர்.

டிஜொக்சினுக்கு எதிரான முறிமருந்து இந்நஞ்சுக்கும் பயன்படும் என்பது கொழும்பிற் சோதிக்கப்பட்டு, 2000 இல் 'லான்செற்' ஏட்டில் நிறுவப்பட்டது. ஆயினும் அம்மருந்து விலைமிக்கது. 2001 இல் அது தீர்ந்தபின் இறப்பு உயர்ந்தமையை 2003 இல் அதே ஏடு எடுத்துரைத்தது. ஓர் ஆய்வு எத்துணை ஏடுகளில் எடுத்தாளப்படினும், அதன் பயன் வறிய நோயாளியின் படுக்கையை எய்தும்போதே நிறைவுறும்.