நீலத் திரைக்குப் பின்னால் ஒரு கிண்டி மாணவர்

1990களின் இறுதியில் ஜொகூர் பாருவில் வீட்டுக்குக் கணினி வாங்கியவர்களுக்கு நீலத் திரை மறந்திருக்காது. பாதி தட்டச்சு செய்த கடிதம் அப்படியே போய்விடும். பையன்தான் எதையோ தட்டிக் கெடுத்தான் என்று பழி அவன் தலையில் விழும். உண்மைக் குற்றவாளி வேறு. அச்சுப்பொறி, ஒலி அட்டை போன்ற கருவிகளை இயக்க வெளி நிறுவனங்கள் எழுதிக் கொடுத்த ‘டிரைவர்’ நிரல்களே பெரும்பாலும் காரணம். அவை விண்டோஸின் கருவறைக்குள் ஓடுபவை. அங்கே ஒன்று இடறினால் கணினி முழுவதும் விழும்.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் ஸ்ரீராம் ராஜமணி. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் பாலுடன் சேர்ந்து ‘ஸ்லாம்’ திட்டத்தைத் தொடங்கினார்.

நேயர்களே, குளியலறைத் தாழ்ப்பாளை எண்ணிப் பாருங்கள். உள்ளே போனால் போட வேண்டும், முடிந்ததும் திறக்க வேண்டும். திறக்காமலே ஒருவர் ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டால் வீட்டார் அனைவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்! டிரைவருக்கும் இப்படி ஒரு பூட்டு உண்டு. ஆயிரக்கணக்கான வரிகளில் எந்தப் பாதையில் போனாலும் பூட்டு திறக்கப்படும் என்று எப்படி உறுதி சொல்வது? ஓட்டிப் பார்த்தால் சில பாதைகளே தெரியும். எல்லா நிரல்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936லேயே நிறுவிவிட்டார்.

இருவரும் செய்தது இதுதான். பூட்டுக்குத் தொடர்பில்லாததை எல்லாம் உதறி, ‘ஆம், இல்லை’ மட்டுமே தெரிந்த எலும்புக்கூட்டு நிரல் ஒன்றைத் தானாகவே உருவாக்குவது. அதில் பிழை தென்பட்டால், மூல நிரலிலும் அது நடக்குமா என்று ஒத்துப் பார்ப்பது. நடக்காதென்றால் விடுபட்ட விவரத்தைச் சேர்த்து மறுபடி தேடுவது. டூரிங் போட்ட வேலி அப்படியேதான் இருக்கிறது, சில தேடல்கள் முடிவதில்லை. ஆனாலும் டிரைவர்களில் இந்த முறை பலித்தது. விஸ்டா காலத்தில், டிரைவர் எழுதுவோர் தாங்களே சோதித்துக்கொள்ளும் கருவியாக வெளிவந்தது. 2011இல் இருவருக்கும் ‘கேவ்’ விருது கிடைத்தது. ராஜமணி பின்னர் பெங்களூரு ஆய்வுக்கூடத்தின் தலைமைக்கு உயர்ந்தார்.

அப்படியானால் 2024 ஜூலை 19 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகள் ஏன் நீண்ட வரிசையில் நின்றார்கள்? உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகளை அன்று நீலத் திரைக்குத் தள்ளியது கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள். காவலுக்கு வைத்தவனே கதவை உடைத்த கதை. கருவறைக்குள் ஓடிய அதன் நிரல் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. புதிதாக வந்த தரவுக் கோப்போ 21ஆவதைக் கேட்டது. இல்லாத இடத்தை நிரல் படிக்கப் போனது. டிரைவர் பழையதுதான், முன்பே சோதனை தாண்டியதுதான். அன்று புதிதாக வந்தது அந்தத் தரவுக் கோப்பு மட்டுமே.