நாலு மில்லிமீட்டர் பயம்

ஸ்கேன் ரிப்போர்ட்ல "நுரையீரலில் 4 மி.மீ. நாட்யூல்"னு ஒரு வரி வந்தா போதும், அன்னிக்கு வீட்ல யாருக்கும் சோறு இறங்காது. அந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல சரித்திரம் இருக்கு மக்களே.

1895-ல ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். ஆனா சாதா எக்ஸ்ரேல சின்ன நாட்யூல் சிக்காது. விலா எலும்பும் இதயமும் மறைச்சிடும். கண்ணுக்குத் தெரிஞ்சாலே அது கொஞ்சம் பெருசுதான். அதனால டாக்டருங்க பயந்ததுல நியாயம் இருந்தது. ரெண்டு வருஷம் வளராம இருந்தா ஆபத்தில்லைன்னு ஒரு கணக்கும் வச்சிருந்தாங்க.

1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்டோட சிடி ஸ்கேனர் முதல் நோயாளியோட மூளையைப் படம் பிடிச்சது. 90-கள்ல ஸ்பைரல் சிடி வந்ததும், ஒரு தடவை மூச்சை அடக்குறதுக்குள்ள மொத்த நுரையீரலும் படமாயிடுச்சு. வந்தது வினை!

1999-ல நியூயார்க்ல டாக்டர் கிளாடியா ஹென்ஷ்கே குழு, புகைப்பழக்கம் உள்ள 60 வயசு தாண்டின 1000 பேரோட முடிவுகளை வெளியிட்டாங்க. எக்ஸ்ரேல 68 பேருக்கு நாட்யூல். சிடில 233 பேருக்கு! அதுல புற்றுநோய் 27 பேருக்குத்தான். ஆனா எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தா 7 பேர்தான் மாட்டியிருப்பாங்க. ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு பாருங்க.

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இது புரியும். லாக் லெவலை டீபக்ல வச்சா ஆயிரம் வார்னிங் கொட்டும். எதைக் கண்டுக்காம விடணும்கிறதுதான் கஷ்டம்.

அதுக்குத்தான் ஃப்ளைஷ்னர் சொசைட்டி 2005-ல விதிமுறை போட்டாங்க: ஆபத்து குறைஞ்சவங்களுக்கு 4 மி.மீ. வரைக்கும் தொடர் ஸ்கேன் வேணாம். 2017-ல அதையே திடமான நாட்யூலுக்கு 6 மி.மீ.க்குக் கீழன்னு தளர்த்தினாங்க. 35 வயசுக்குக் கீழ இருக்கறவங்க, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவங்க, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

நம்ம ஊர்ல இன்னொண்ணு: எப்பவோ வந்து ஆறிப்போன டிபி விட்டுட்டுப் போன தழும்பும் நாட்யூலாத் தெரியும். சுண்ணாம்பு படிஞ்சிருந்தா பெரும்பாலும் நல்ல சேதி.

அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும் மறுபடி ஸ்கேன்? 4 மி.மீ. 5 ஆனா சும்மா ஒரு மில்லிமீட்டர்னு தோணும். கனஅளவுல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! அதனால "ஒண்ணுமில்ல"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, "எல்லாம் போச்சு"ன்னும் உக்காராதீங்க. பழைய ஸ்கேன் இருந்தா தேடி எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க. பல சமயம் அந்தப் பழைய ஃபிலிம்தான் பதில் சொல்லும்.