பெசன்ட் நகரில் இரும்பு ஒட்டுகிறவர்கள்

பெசன்ட் நகரில் கடல் காற்று இரும்பைத் தின்கிறது. உப்பு ஈரம் படிந்த கேட்டில் முதலில் பெயிண்ட் உப்பும். பிறகு கீல் இறுகும். கடைசியில் கம்பியின் அடி செதில் செதிலாக உதிரும். அப்போதுதான் வீட்டுக்காரர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ‘பக்கத்துல வெல்டர் எவனாவது இருக்கானா பாரு’ என்கிறார். எலக்ட்ரீசியனைக் கேட்டாலும், பிளம்பரைக் கேட்டாலும் இதே ‘இருக்கானா’தான். டாக்டரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்த ஒருமை எங்கிருந்து வருகிறது? அந்த மண்ணின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

அங்கே இரண்டு பெயர்கள் அருகருகே கிடக்கின்றன. மீனவர் வாழும் குப்பத்துக்கு ஆல்காட் பெயர். 1970களில் வீட்டு வசதி வாரியம் வளர்த்த குடியிருப்புக்கு அன்னி பெசன்ட் பெயர். இரண்டு பேரும் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர்களாக இருந்தவர்கள். ஆனால் நம் மக்களைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒன்றல்ல. ஆல்காட் 1894இல் ஊரூர்ப் பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் அவரைச் சந்தித்துப் பேசி, அவரோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் ஏற்றார். 1907இல் ஆல்காட் இறந்தார். அதே ஆண்டு பெசன்ட் தலைவரானார். இரண்டே வருசத்தில், 1909இல், ‘இந்தியன் ரிவ்யூ’ பத்திரிகையில் அந்த அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக்கூடாது. தலைமுறை தலைமுறையாகத் தின்றதும் குடித்ததும் அவர்கள் உடம்பில் நாற்றமாக இருக்கிறது. அது போக இன்னும் சில தலைமுறை ஆகும். இதுதான் அதன் சாரம். காங்கிரசும் காந்தியும் நமக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு 1945இல் எழுதிய நூலில் அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்துப் போட்டு அம்பலப்படுத்தினார். பள்ளி திறந்தவர் பெயர் குப்பத்துக்கு. பள்ளிக்குள் விடாதே என்றவர் பெயர் நகருக்கு. யாரும் திட்டமிட்டு இப்படி வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் உண்மை இப்படித்தான் வந்து விழுந்திருக்கிறது.

இனி இரும்புக்கு வருவோம். சிவகளையில் கிடைத்த இரும்பைக் காட்டி, இந்த மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. எல்லாருக்கும் பெருமை. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்று, வேல் செய்து தருவதைக் கொல்லனின் கடமையாகச் சொல்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதை உருகி உருகி நடத்துவார்கள். அந்தக் கொல்லனுக்குக் கூலி கொடுப்பது யாருடைய கடமை? அது பாட்டில் இல்லை. வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

பின்னால் அந்தக் கடமை பிறப்போடு கட்டப்பட்டது. கொல்லுப்பட்டறை கம்மாளர் குடும்பங்களோடு நின்றது. கொழு தேயத் தேய உழுதவன் நம் ஆள். ஆனால் அந்தக் கொழுவை அடிக்கிற பட்டறையில் அவன் தொழில் கற்க முடியாது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துப்போட்டது என்று அம்பேத்கர் 1936இல் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் வெல்டிங் வருகிறது. மின்சாரத் தீப்பொறியால் இரும்பை உருக்கி ஒட்டும் முறை 1880களில் ஐரோப்பாவில் பிறந்தது. அதற்குச் சாதிப் பட்டம் கிடையாது, குலதெய்வம் கிடையாது. 1950இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. ஐ.டி.ஐ.கள் பெருகின. எட்டாவது பாஸ் செய்தவன் ஒரு வருசத்தில் வெல்டர் ஆகலாம். இடஒதுக்கீடும் உண்டு. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காத பிள்ளைகள் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கிரைண்டர் பிடித்து, ராடு மாற்றிக் கொடுத்து, கண்ணால் பார்த்தே தொழில் கற்றார்கள். சேரிப் பிள்ளை இரும்புத் தொழிலுக்குள் நுழைந்த வழி இது. சலுகையாக யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

பெசன்ட் நகர்ப் பக்கம் நாங்கள் நடத்தும் படிப்பகத்துக்கு அம்பேத்கர் தொகுதிகள் 37ஐயும் வைக்க இரும்பு அலமாரி தேவைப்பட்டது. ஒரு அண்ணன் வந்தார். டேப்பை இழுத்து அளந்துவிட்டு, “இம்மாம் புக்குக்கு முக்கா இஞ்சு ஆங்கிள் தாங்காது தம்பி. ஒன்றரை போட்டுக்கலாம்” என்றார். பட்டறையில் கற்றவர்தான். எந்த மூட்டில் முழுக்க ஓட்டுவது, எங்கே புள்ளி வைத்தால் போதும், சூட்டில் பட்டை வளையாமல் எப்படி மாற்றி மாற்றி ஒட்டுவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. டீ குடிக்கும்போது மற்ற வேலைகளைப் பற்றிச் சொன்னார்.

“பால்கனி கிரில்லு பண்ணப்போனா லிப்ட்ல ஏறக்கூடாதும்பாங்க. மெசின தூக்கிக்கினு மூணு மாடி ஏறணும். தண்ணி கேட்டா பாட்டில எட்ட வெச்சிட்டுப் போவாங்க. எந்த ஊரு, என்ன ஆளுங்கனு சுத்திச் சுத்திக் கேப்பாங்க. வேல முடிஞ்சா, பேசுன காசுல ஐநூறு கொறப்பாங்க.”

ராத்திரி கண் பற்றி கேட்டேன். “மணல் கொட்டுன மாதிரி இருக்கும். தூக்கம் வராது” என்றார். வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் விழித்திரைக்கு முன்னால் உள்ள கருவிழியைச் சுடுவதால் வருவது அது. ஜி.ஐ. பைப்பை ஒட்டினால் துத்தநாகப் புகை, சாயங்காலம் குளிர்காய்ச்சல். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் உறுதி செய்தது. பத்தாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி, கையுறை, காற்றோட்டம் என்று பாதி ஆபத்தைத் தடுக்கும் சாமான்கள் பெரிய விலை இல்லை. ஆனால் கூலிப் பேரத்தில் முதலில் அடிபடுவது இவைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர் சங்கங்கள் தெருவில் நின்று கேட்ட பிறகு 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அதன் தொழில் பட்டியலில் வெல்டரும் உண்டு. விபத்துக்கு, சாவுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் ஒரு நாள், அரை நாள் வேலை செய்கிறவருக்கு முதலாளி யார்? யாரும் இல்லை. அதனால் பதிவும் பல பேருக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் உள்ளூர் வெல்டரைத் தேடுகிறார்கள். உள்ளூர்க்காரர் எங்கே? 2000இலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்து ஏழைகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். எங்களுக்கு அலமாரி செய்த அண்ணனும் அடையாற்றங்கரையில் பிறந்தவர். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். மெசினைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஷேர் ஆட்டோவுக்கும் வாடகைக்கும் போக மிச்சம்தான் கூலி. ஆளை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, வேலைக்கு மட்டும் பக்கத்திலேயே இருக்கணும் என்றால் எப்படி?

எனவே வெல்டரைக் கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறோம். இரும்பு எவ்வளவு, கூலி எவ்வளவு, வண்டிச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். முகமூடிக்கும் கையுறைக்கும் காசைச் சேர்த்தே பேசுங்கள். நீங்கள் குடிக்கும் தம்ளரில் தண்ணீர் கொடுங்கள். இது தர்மம் அல்ல, கணக்கு.

நம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிவகளை இரும்பை அரசு எழுதிக்கொள்ளும். கிண்டியிலும் பெரும்பாக்கத்திலும் ராடு பிடித்த நம் அப்பன், அண்ணன்மார் வரலாற்றை யாரும் எழுத மாட்டார்கள். யாரிடம் கற்றார்கள், முதல் கூலி என்ன, எந்த வீட்டில் என்ன கேட்டார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். வாரியத்தில் பதியாதவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பதியச் செய்யுங்கள்.