சீன தேசத்து மூலிகை நூல்கள்

நோய் தோன்றிய நாள்முதலாக மனிதன் பச்சிலையையும் வேரையும் நாடியே வந்திருக்கிறான். மூலிகை வைத்தியம் இல்லாத நாடு இல்லை. ஆயினும், மூலிகைகளைப் பற்றி அறிந்தவற்றை ஏட்டில் எழுதிவைத்து, எழுதியவற்றைப் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் ஆராய்ந்து திருத்தும் மரபு சீன தேசத்திலே ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்து வந்திருக்கிறது. அம்மரபின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மருந்தின் பயன் செடியில் மட்டும் அடங்கியதன்று. அச்செடியைச் சரியாக இனங்காண்பதிலும், பக்குவம் செய்வதிலும், அளவறிந்து சேர்ப்பதிலும் அது தங்கியிருக்கிறது.

உழவையும் மருந்தையும் மக்களுக்குக் கற்பித்தவன் ஷென்னுங் என்னும் ஆதியரசன் என்பது சீனர்தம் ஐதிகம். பூண்டுகள் பலவற்றை அவன் தன் நாவினாலே சுவைத்துப் பார்த்தான் என்றும், ஒரே நாளில் எழுபது நஞ்சுகளுக்கு ஆளானான் என்றும் கதை கூறும். கதை கற்பனையே எனினும், மருந்தறிவு எத்துணை இடர்ப்பட்டுப் பெறப்பட்டது என்பதை அது உணர்த்துகிறது. அவன் பெயரைத் தாங்கிய மூலிகை நூல், கி.பி. முதலிரு நூற்றாண்டுகளையொட்டி, ஹான் வமிச காலத்தில் தொகுக்கப்பெற்றது. அதிலே 365 மருந்துகள் மூன்று தரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. நெடுநாள் உண்டாலும் தீங்கு செய்யாதவை எனக் கருதப்பட்டவை முதல் தரம். ஆராய்ந்து கொடுக்கத்தக்கவை இரண்டாந் தரம். நஞ்சுடையவையாய், நோய் தீருமளவும் மட்டும் கொடுக்கத்தக்கவை மூன்றாந் தரம். மருந்தும் நஞ்சும் அயல்வீட்டார் என்பதை அந்நூலாசிரியர்கள் மறக்கவில்லை.

சீன வைத்தியர் ஒவ்வொரு மூலிகைக்கும் தன்மையும் சுவையும் வகுத்தனர். வெப்பம், இளவெப்பம், குளிர்ச்சி, தட்பம் எனத் தன்மை நான்கு; புளிப்பு, கைப்பு, இனிப்பு, உறைப்பு, உவர்ப்பு எனச் சுவை ஐந்து. சூட்டினால் வந்த நோய்க்குக் குளிர்ந்த மூலிகையையும், குளிரினால் வந்ததற்குச் சூடுள்ள மூலிகையையும் கொடுப்பது பொதுவிதி. தனி மூலிகையைக் காட்டிலும் கூட்டு மருந்தையே அவர்கள் பெரிதும் விரும்பினர். கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங் என்பார், தம் சுற்றத்தாருட் பலரைக் காய்ச்சல் கொள்ளைகொண்ட துயரத்தினால் உந்தப்பட்டு, காய்ச்சல் நோய்களுக்கான நூலொன்றை இயற்றினார். அதிலுள்ள கஷாயம் ஒன்றிற் சேர்வன ஐந்தே சரக்குகள்: சீனக் கறுவாவின் இளங்கொம்பு, பியோனிச் செடியின் வேர், இஞ்சி, இலந்தைப்பழம், அதிமதுரம். கஷாயத்தைக் குடித்தபின் சூடான கஞ்சி பருகிப் போர்த்துப் படுத்தால் மெல்ல வியர்க்கும் என்பது முறை. இவற்றுட் கறுவாக் கொம்பு அரசன், பியோனி வேர் அமைச்சன், இஞ்சியும் இலந்தையும் துணைவர், அதிமதுரம் அனைத்தையும் இணக்குவிக்கும் தூதன் எனப் பிற்கால உரைகாரர் விளக்குவர்.

பக்குவம் செய்யும் முறையும் இவ்வாறே கருத்தோடு வளர்க்கப்பட்டது. நாபி என்னும் கிழங்கு பச்சையாக உண்டாரைக் கொல்லவல்லது. சீனர் அதனை ஊறவைத்தும், நெடுநேரம் அவித்தும் நஞ்சினைத் தணித்த பின்னரே மருந்திற் சேர்த்தனர். நெடுநேரக் கொதிப்பினால் அந்த நஞ்சு சிதைந்து வலிமை குன்றுகிறது என்பதை இக்கால இரசாயன நூலாரும் கண்டனர். நம்மவர் வைத்தியத்தில் ‘சுத்தி செய்தல்’ எனப்படுவதன் நோக்கமும் இதுவேயாம்.

ஆயினும், எல்லாவற்றுக்கும் முற்பட்டது பெயர். பரந்த சீன தேசத்திலே ஒரே செடிக்குப் பல பெயர்களும், பல செடிகளுக்கு ஒரே பெயரும் வழங்கின. கி.பி. 659ஆம் ஆண்டில் தாங் வமிச அரசு அறிஞர் இருபதின்மருக்கு மேற்பட்டோரைக் கூட்டி, மாகாணங்களிலிருந்து மூலிகைகளை வருவித்து, படங்களோடு ஏறக்குறைய 850 மருந்துகள் அடங்கிய நூலொன்றைச் செய்வித்தது. அதன் பின்னும் பிழைகள் ஒழிந்தபாடில்லை.

அப்பிழைகளைக் களையப் புறப்பட்டவர் லீ ஷிஜென். 1518ஆம் ஆண்டில் ஹூபே மாகாணத்திலே வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், அரசாங்கப் பரீட்சையில் மும்முறை தவறியபின் தந்தையின் தொழிலை மேற்கொண்டார். பழைய நூல்களிலே ஒரு மூலிகை இரண்டாகவும், இரண்டு மூலிகைகள் ஒன்றாகவும் எழுதப்பட்டிருத்தலைக் கண்டார். 1552ஆம் ஆண்டிலே தொடங்கி 27 ஆண்டுகள் உழைத்தார். எண்ணூறுக்கு மேற்பட்ட நூல்களைக் கற்றார். அதனோடு அமையாது, மலையும் வயலும் திரிந்து, உழவரையும் வேடரையும் செம்படவரையும் விறகுவெட்டிகளையும் வினவினார். ஊமத்தையின் மயக்கும் இயல்பை மதுவிற் கலந்து தாமே பரீட்சித்தார். சாவாமை தரும் எனச் செல்வர் உண்ட இரச மருந்துகள் உயிர்க்கொல்லிகளே எனக் கண்டித்தார். 1,892 மருந்துகளும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட செய்முறைகளும் கொண்ட அவரது பென்ஸாவ் காங்மூ, 1596ஆம் ஆண்டில் நான்ஜிங் நகரில் அச்சேறி முடிந்தபோது அவர் உயிரோடில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்நூலை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

பழைய ஏடு புதிய உயிர்களைக் காத்த வரலாறும் உண்டு. மலேரியாக் காய்ச்சலின் கொடுமையை இலங்கை நன்கறியும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அது இத்தீவிலே ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்டது. 1967ஆம் ஆண்டில் சீன அரசு அந்நோய்க்குப் புதுமருந்து காணும் முயற்சியைத் தொடங்கிற்று. அதில் ஈடுபட்ட தூ யூயூ என்னும் பெண்மணியார் பழைய வைத்திய முறைகளைத் தேடித் தொகுத்தார். மாசிபத்திரியின் இனத்ததாகிய சிங்ஹாவ் என்னும் மூலிகை ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை பொய்த்தது. அப்பொழுது நான்காம் நூற்றாண்டினராகிய கோ ஹுங் என்பாரின் நூல் அவர் நினைவுக்கு வந்தது. அதிலே இம்மூலிகையைக் காய்ச்சும்படி கூறப்படவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படியே கூறப்பட்டிருந்தது. சூட்டினால் மருந்துச்சத்து அழிகிறது போலும் என்று கருதிய அவர், குறைந்த சூட்டிலே ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அச்சத்து எலிகளிடத்து முழுப் பயன் தந்தது. மறு ஆண்டு, நோயாளருக்குக் கொடுக்குமுன், அவரும் தோழரும் தாமே அதனை உண்டு பரீட்சித்தனர். இங்கும் பெயர்ச்சிக்கல் இல்லாமலில்லை. சிங்ஹாவ் எனப்பட்ட செடிகளுள் ஒருவகையிலேதான் அச்சத்து இருந்தது. ஆர்ட்டிமிசினின் எனப் பெயர்பெற்ற அம்மருந்துக்காக 2015ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசிற் பங்குபெற்றார்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி பெல்ஜியத்தில் நேர்ந்தது. 1990ஆம் ஆண்டையடுத்து அங்கு உடல் மெலிவதற்காகப் பெண்கள் பலர் உண்ட மாத்திரையிலே பாங்ஜி என்னும் சீன மூலிகை சேர்ந்திருந்தது. சேர்க்கக் கருதியது சீந்திற் குடும்பத்ததான ஒரு கொடியின் வேர். சேர்ந்ததோ பாங்ஜி என்ற பெயரையே பகிர்ந்துகொண்ட, ஆடுதின்னாப்பாளையின் இனத்ததான வேறொரு கொடியின் வேர். நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. சிலருக்குப் பின்னாளிற் புற்றுநோயும் கண்டது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாயிருந்தது.

பழையது என்பதற்காக மூலிகையை நம்புவதும், பழையது என்பதற்காகவே அதனைத் தள்ளுவதும் இரண்டுமே தவறு. லீ ஷிஜென் முன்னோர் நூல்களைப் போற்றினார். போற்றியதனாலேயே அவற்றைத் திருத்தினார். கைக்கு வந்த வேர் எது, அதனை எவ்வாறு பக்குவம் செய்வது, எவ்வளவு கொடுப்பது என்னும் மூன்று வினாக்களும் அவர் காலத்திற்போலவே இன்றும் விடை கேட்டு நிற்கின்றன.